நான் சொல்லாமல் விட்ட மறுபாதி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். உன் நலமறிய ஆவல்.

நீ அனுப்பியிருந்த ஆங்கில அறிக்கையை இரண்டு முறை படித்தேன். 'தி மேனேஜர் லுக்ட் ஆங்கிரிலி' என்று நீ எழுதியிருந்ததை உன் மேலதிகாரி 'ஆங்கிரி' என்று திருத்தியிருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு 'அப்படித்தான் சொல்வோம்' என்பதற்கு மேல் அவரிடமிருந்து விளக்கம் வரவில்லை என்றும், வினைக்குப் பின்னால் வரும் சொல்லுக்கு 'லி' சேர்க்க வேண்டும் என்று நீங்கள்தானே அப்பா சொல்லிக்கொடுத்தீர்கள் என்றும் எழுதியிருந்தாய். நான்தான் சொன்னேன். சிறு வயதில் நீ 'ஷி சேங் பியூட்டிஃபுல்' என்று எழுதியதைத் திருத்தும் அவசரத்தில் சொன்ன பாதி விதி அது. மறுபாதியைச் சொல்லாமலேயே இத்தனை ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆகவே அந்தப் பிழையில் பெரும்பங்கு என்னுடையது.

'லுக்' என்ற வினைக்கு இரண்டு வேலைகள் உண்டு. 'ஹி லுக்ட் ஆங்கிரிலி அட் தி கிளாக்' என்றால் அவர் கடிகாரத்தைக் கோபமாகப் பார்த்தார் என்று பொருள். அங்கே பார்த்தல் என்பது ஒரு செயல். கோபம் அந்தச் செயலைச் சார்ந்தது. எனவே வினையை விளக்கும் வினையடை, அதாவது 'லி' சேர்ந்த சொல், வேண்டும். 'ஹி லுக்ட் ஆங்கிரி' என்றாலோ அவர் யாரையும் எதையும் பார்க்கவில்லை. பார்ப்பவர் கண்ணுக்கு அவர் கோபமாகத் தெரிந்தார், அவ்வளவுதான். இங்கே வினை எதையும் செய்யாமல், எழுவாயையும் அதன் நிலையையும் முடிச்சுப்போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. பின்னால் வரும் சொல் வினையைத் தாண்டி, முன்னால் நிற்கும் ஆளைச் சுட்டுவதால் அது பெயரை விளக்கும் பெயரடையாகவே, 'லி' இல்லாமல், நிற்கிறது.

இப்போது தமிழில் நான் எழுதிய அந்த இரண்டு பொருளையும் மறுபடி படித்துப் பார். இரண்டிலும் 'கோபமாக' என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. 'அழகாகப் பாடினாள்', 'அழகாக இருந்தாள்' என்று எதைச் சொன்னாலும் நம்முடைய 'ஆக' இரண்டு வேலையையும் வேறுபாடு காட்டாமல் செய்துவிடுகிறது. தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதும் எவரும் சறுக்கும் இடம் இது; உன் கவனக்குறைவு என்று இதைச் சொல்ல மாட்டேன். பழந்தமிழில் இந்தச் சிக்கலே இல்லை என்பது வேறு கதை: 'அவன் நல்லன்', 'அது பெரிது' என்று, காலத்தை வெளிப்படையாகக் காட்டாத குறிப்பு வினைமுற்றே பயனிலையாகிவிடும், இடையில் 'இருந்தான்' என்ற துணைகூடத் தேவைப்படாது.

சந்தேகம் வரும்போது நான் செய்து பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. வினையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'வாஸ்' என்று போட்டுப் படி. 'தி ரூம் ஸ்மெல்ட் டேம்ப்', 'ஹிஸ் வாய்ஸ் சவுண்டட் வீக்', 'தி கிளாத் ஃபெல்ட் ரஃப்' ஆகிய மூன்றிலும் 'வாஸ்' போட்டாலும் வாக்கியம் நிற்கும், ஆகவே பெயரடை. 'ஷி சேங் பியூட்டிஃபுல்லி' என்பதில் 'வாஸ்' போட்டால் வாக்கியம் குலைந்துவிடும், ஆகவே வினையடை. ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்களிலும் சிலர், திருத்தமாகப் பேச வேண்டும் என்ற அதிக அக்கறையில் 'ஐ ஃபெல்ட் பேட்லி' என்று சொல்வதுண்டு. வருத்தமாக இருந்தது என்று சொல்வதற்கு 'ஐ ஃபெல்ட் பேட்' போதும்.

உன்னைக் குழப்பக்கூடிய இன்னோர் இடம், 'ஷி லுக்ட் டயர்ட்' போன்ற வாக்கியங்கள். அடுத்தடுத்து இரண்டு சொற்கள் இறந்தகால வினைபோலவே முடிகின்றன. ஆனால் காலம் காட்டுவது முதல் சொல் மட்டுமே. இன்றைக்கு 'லுக்ஸ் டயர்ட்', நாளைக்கு 'வில் லுக் டயர்ட்' என்று வினை மாறிக்கொண்டே போனாலும் 'டயர்ட்' மாறாமல் நிற்பதைக் கவனித்தால், அது வினையின் சாயலில் இருக்கும் பெயரடை என்பது விளங்கிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஒன்று இன்னொன்றாக மாறுவதைச் சொல்லும் வினைகள். சிவந்தது, வெளிறியது, இருண்டது, வறண்டது என்று நாம் ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவதை ஆங்கிலம் 'டர்ன்ட் ரெட்', 'வென்ட் பேல்', 'க்ரூ டார்க்', 'ரேன் டிரை' என்று ஒரு வினையும் ஒரு பெயரடையுமாகப் பிரித்துச் சொல்கிறது. எந்தப் பெயரடைக்கு எந்த வினை என்பதைப் பழக்கத்தால்தான் பிடிக்க முடியும். ஆயினும் ஒரு சாய்வு தென்படுகிறது: கெடுதலான மாற்றங்கள் பெரும்பாலும் 'வென்ட்' பக்கம் போகின்றன. 'வென்ட் பிளைண்ட்', 'வென்ட் ராங்', 'வென்ட் பேட்' என்பார்கள். கனவு பலித்தால் மட்டும் 'கேம் ட்ரூ'. போவது கேடு, வருவது நன்மை என்று நினைக்கும் மனம் அந்த மொழிக்குள்ளும் இருக்கிறது போலும். விதி என்று இதைப் பிடித்துக்கொள்ளாதே. ஆணி தளர்ந்தாலும் 'கேம் லூஸ்' என்றுதான் சொல்கிறார்கள்.

'ஃபெல்' என்பதற்குப் பின்னால் 'இல்', 'சைலண்ட்', 'அஸ்லீப்' மூன்றும் வரும். இவற்றில் 'அஸ்லீப்' வினைக்குப் பின்னால் மட்டுமே நிற்கும். பெயருக்கு முன்னால் 'ஸ்லீப்பிங் சைல்ட்' என்றுதான் சொல்ல வேண்டும். 'அலைவ்' என்பதும் அதே குணம் உடையது. இவ்விரு சொற்களின் தொடக்கத்தில் இருக்கும் எழுத்து 'ஆன்' என்ற பழைய முன்னிடைச் சொல்லின் தேய்ந்த வடிவம். உறக்கத்தில், உயிரில் என்பதுபோல ஒரு தொடராக இருந்தது ஒட்டி ஒரே சொல்லாகிவிட்டது. பெயருக்கு முன்னால் வந்து நிற்க அது மறுப்பதற்குக் காரணம் அந்தப் பழைய பிறப்புதான்.

செயலைக் குறிக்கும் வினைக்குப் பின்னாலும் பெயரடை வருவதுண்டு. 'ஹி கேம் ஹோம் டயர்ட்' என்பதில் களைத்திருந்தது ஆள். 'ஷி பெயிண்ட்டட் தி டோர் கிரீன்' என்பதில் பச்சையானது கதவு, அதாவது செயப்படுபொருள். யாரைப் பற்றிய சொல் என்று கேட்டுக்கொண்டால் இவையும் பிடிபட்டுவிடும்.

ஒன்றில் மட்டும் தமிழ் ஆங்கிலத்தைவிடத் தெளிவாக இருக்கிறது. 'தி டோர் வாஸ் க்ளோஸ்ட்' என்பதைத் தனியாகப் படித்தால், கதவு மூடியிருந்ததா, யாரோ மூடினார்களா என்று சொல்ல முடியாது. உன் அறிக்கையின் 4-ஆம் பக்கத்தில் இதே அமைப்பில் ஒரு வாக்கியம் வருகிறது. யார் எப்போது மூடினார்கள் என்பது அங்கே முக்கியமானதால், அதை விரித்து எழுது.

6-ஆம் பக்கத்தில் 'ரிமெய்ன்ட் சைலண்ட்லி' என்று இருப்பது உன் மேலதிகாரியின் கண்ணில் படவில்லை. 'சைலண்ட்' என்று மாற்றிவிடு. அதற்கு அடுத்த பக்கத்தில் இயந்திரத்தைப் பற்றி 'வொர்க்ட் குட்' என்று எழுதியிருக்கிறாய். அங்கே 'வெல்' வேண்டும், ஏனென்றால் இயந்திரம் உண்மையாகவே வேலை செய்தது. கடைசிப் பக்கத்தில் உள்ள 'ரிட்டர்ன்ட் சேஃப்லி' என்பதை அப்படியே விட்டுவிடு. 'சேஃப்' என்றாலும் சரி, 'சேஃப்லி' என்றாலும் சரி.

அன்புடன்,
அப்பா