முதலில் பெட்டியைத் திறந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரு அல்சூரில், தமிழ்ச் சங்கத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில், 22 வருடமாக டிடிபி கடை நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு அழைப்பிதழ், கோயில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இவற்றோடு ஆதார், பான் பிரிண்ட், பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பம் எல்லாம் உண்டு. கடந்த சில மாதங்களாகக் கடைக்கு வருகிறவர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அக்கா, பழைய கம்ப்யூட்டருக்கு இனிமே அப்டேட் வராதாமே, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடலாமா?"

போன மாதம் பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் பழைய கம்ப்யூட்டரை ஆட்டோவில் கொண்டுவந்தார். அதில் இருக்கும் போட்டோக்களை மட்டும் பென் டிரைவில் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றார். பையன் படிப்புக்காகச் சீட்டுப் பணத்தை எடுத்து 46,000 ரூபாய்க்குப் புதியது வாங்கிவிட்டார். பழையதை எக்ஸ்சேஞ்சில் 800 ரூபாய்க்குக் கேட்கிறார்களாம். என் கடைக்கு வரும் மெக்கானிக் தம்பி அதைத் திறந்து, ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக, சிப்பிலேயே தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டி ஒன்று தன்னிடம் இருந்ததை மாட்டிப் பார்த்தான். அரை நிமிடத்தில் எழுந்து நின்றது. அந்தப் பெட்டியில் பழுது ஹார்டு டிஸ்க் ஒன்றில் மட்டும்தான். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தபிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

என் சொந்தக் கதையைச் சொன்னால் மற்றவர்களுக்கு உதவும்.

என்னுடையது 2014-இல் நம் ஊர்க் கம்ப்யூட்டர் கடைத் தெருவான எஸ்.பி. ரோட்டில் அசெம்பிள் செய்தது. இன்டெல் ஐ3 நான்காம் தலைமுறை, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். ஒன்பது வருடம் தொந்தரவு இல்லாமல் ஓடியது. 2023-இல் ஒரு வினோதம் ஆரம்பித்தது. காலையில் போட்டால் தேதி 2013 ஜனவரி 1 என்று காட்டும். எஃப்1 அழுத்தினால்தான் மேலே போகும். பேங்க் தளம் திறந்தால் 'இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று சிவப்பாக எச்சரிக்கும். ஒரு கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். மூடியைக்கூடக் கழற்றவில்லை. "போர்டு போச்சு மேடம், பழசாச்சு, புதுசு எடுத்துக்கோங்க" என்றார்கள்.

மனசு கேட்கவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் எஸ்.பி. ரோட்டுக்கே போனேன். அங்கேதான் இந்தத் தம்பி பழக்கமானான், ஆம்பூர்ப் பக்கத்துப் பையன். மூடியைக் கழற்றி, எல்லாப் பாகங்களும் இணையும் அந்த மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல் பளபளப்பாக உட்கார்ந்திருந்த வட்ட பேட்டரியை நெம்பி எடுத்தான். மேலே சிஆர்2032 என்று பொறித்திருந்தது. மீட்டரில் வைத்துக் காட்டினான். 3 வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றரைகூட இல்லை. மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டிக்கொண்டிருப்பது அந்தப் பேட்டரிதான். அது தீர்ந்ததால் தேதி பின்னால் போயிருக்கிறது. பேங்க் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கு இந்த நாளிலிருந்து இந்த நாள் வரை என்று ஒரு கணக்கு உண்டு. கம்ப்யூட்டர் 2013-இல் நின்றுகொண்டு பார்த்தால் அது செல்லாததாகத்தானே தெரியும்? புதுப் பேட்டரி 30 ரூபாய். போர்டு இன்றுவரை நன்றாக இருக்கிறது.

அடுத்த வருடம் வேகம் போய்விட்டது. கடையைத் திறந்து சுவிட்சைப் போட்டு, வாசல் தெளித்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றிவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஏழு நிமிடம் ஆகும். முகூர்த்த மாதங்களில் வாடிக்கையாளர் எதிரே உட்கார்ந்திருக்க, ஒரு ஃபைலைத் திறக்க அத்தனை நேரம் காத்திருப்பது எவ்வளவு சங்கடம் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

தம்பிக்குப் போன் போட்டேன். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொன்னான். டாஸ்க் மேனேஜர் திறந்தது. சிபியு 12 சதவீதம், மெமரி 85, டிஸ்க் 100. "அக்கா, வேலை செய்யறவரு சும்மாதான் உக்காந்திருக்காரு. பரண்ல இருந்து சாமான் எடுத்துக் குடுக்கற ஆளுக்குத்தான் மூச்சு வாங்குது" என்றான். இதைவிட எளிமையாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. ஹார்டு டிஸ்கில் ஒரு தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும், ஒரு முள் முன்னும் பின்னும் ஓடி ஓடித் தகவலைத் தேடும். எஸ்எஸ்டியில் சுற்றுவதும் இல்லை, ஓடுவதும் இல்லை. 240 ஜிபி எஸ்எஸ்டி 1,700 ரூபாய், பழைய டிடிஆர்3 ரேம் 8 ஜிபி 600, பிராசசரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோனதைத் துடைத்துப் புதிதாகத் தடவ 150, கூலி 300. மொத்தம் 2,750 ரூபாய். பழைய டிஸ்கில் இருந்ததை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகல் எடுக்க ஒரு சாயங்காலம் ஆனது. மறுநாள் காலை தீப்பெட்டியை எடுப்பதற்குள் திரை வந்துவிட்டது.

எல்லாப் பழசையும் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. என் பெட்டியில் நிஜமாகவே போர்டு போனால் அதன்மேல் ஒரு ரூபாய் போடமாட்டேன். ஏனென்றால் அந்தக் காலத்துப் பிராசசர் இன்றைய போர்டில் உட்காராது, டிடிஆர்3 ரேமும் பொருந்தாது. போர்டை மாற்றினால் மூன்றையும் மாற்ற வேண்டும். மிஞ்சுவது தகரப் பெட்டியும் விசிறியும்தான். அப்போது புதிது வாங்குவதுதான் சரி. ஆனால் டிஸ்க், ரேம், பேட்டரி, உள்ளே மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் இவற்றில் ஒன்று போனதற்கு முழு கம்ப்யூட்டரையும் மாற்றுவது, செருப்பு வார் அறுந்ததற்குப் புதுச் செருப்பு வாங்குவது போல.

அப்புறம் விண்டோஸ் விஷயம். ஒயிட்ஃபீல்டில் ஐடி வேலை பார்க்கும் என் அண்ணன் மகன் சென்ற வருடமே சொன்னான். "அத்தை, வேகம் சரி. ஆனா இதுல விண்டோஸ் 11 ஏறாது. டிபிஎம் 2.0 இல்ல, பிராசசரும் லிஸ்ட்ல இல்ல. இன்டெல்ல எட்டாம் தலைமுறையிலேருந்துதான் எடுத்துக்கும்." டிபிஎம் என்பது ரகசியச் சாவிகளைக் காக்க கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பாதுகாப்பு அமைப்பு. அவன் சொன்னது உண்மை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆனால் கடைக்கு வருகிறவர்களில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. வீட்டில் இருக்கும் விண்டோஸ் 10 கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டை நீட்டித்துக்கொள்ளலாம். செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்திலேயே அதற்குப் பதிவு செய்யும் வழி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸ் பேக்கப்பை இயக்கிவிட்டால் பணம் வேண்டாம். அந்த அவகாசத்தில் பதறாமல் யோசித்துப் பணம் சேர்க்கலாம். 500 ரூபாய்க்கு எந்தப் பழைய கம்ப்யூட்டரிலும் விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேன் என்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். தகுதியில்லாத கம்ப்யூட்டரில் அப்படி ஏற்றினால் அப்டேட் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்கிறது. பேங்க் வேலை பார்க்கும் பெட்டியில் அது ஆகாது.

ஊராருடைய ஆதாரும் பேங்க் விவரமும் என் கடைக் கம்ப்யூட்டர் வழியாகப் போகின்றன. அதனால் அப்டேட் இல்லாததை நெட்டில் விட எனக்கு மனம் வரவில்லை. அதே சமயம் பழையதை விடவும் முடியாது. காரணம் பேஜ்மேக்கர், அழைப்பிதழ்ப் பக்கங்களை வடிவமைக்க நான் பயன்படுத்தும் மென்பொருள். என்னுடையது 2001-இல் வந்த 7.0 பதிப்பு; 2004-இல் அதன் வளர்ச்சி நின்றுவிட்டது. எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழ் தமிழாகவே தெரிய உதவும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோட் அதற்குத் தெரியாது. 2010-இலேயே தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றாயிற்று, ஆனால் என் 22 வருட வேலையில் பெரும்பகுதி பழைய எழுத்துருக்களில் கிடக்கிறது.

சென்ற ஆவணியில் ஒரு தம்பதி வந்தார்கள். 2006-இல் அவர்கள் கல்யாணப் பத்திரிகையை நான்தான் அடித்துக் கொடுத்தேன். இப்போது மகள் பெரியமனுஷி ஆகியிருக்கிறாள், மஞ்சள் நீராட்டுக்கு அதே பிள்ளையார், அதே தாழம்பூ ஓரம் வேண்டும் என்றார்கள். அண்ணன் மகனின் லேப்டாப்பில் அந்த எழுத்துரு கிடையாது. அதில் பழைய ஃபைலின் வரிகளை ஒட்டிப் பார்த்தால் 'சுபமுகூர்த்தப் பத்திரிகை' என்ற இடத்தில் ஆங்கில எழுத்துகளும், தலையில் புள்ளியும் கொம்புமாக ஏதேதோ எழுத்துகளும் வந்தன. என் பழைய பெட்டியில் திறந்ததும் ஒரு கொம்புகூடச் சிதறாமல் வந்து நின்றது. அந்தப் பெண்மணி திரையில் தன் மாமனார் பெயரைத் தொட்டுப் பார்த்தார். அவர் காலமாகி நான்கு வருடம் ஆகிறதாம். அந்த ஃபைல்களை ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டுதான் வருகிறேன். கன்வர்ட்டரில் போட்டாலும் 'ஸ்ரீ'யும் 'க்ஷ'வும் தப்பிவிடும், கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும். அது முடிகிறவரை பழையது வேண்டும்.

அதனால் இரண்டாகப் பிரித்தேன். பழையதில் நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டேன். பேஜ்மேக்கரும், கன்னட அழைப்பிதழ்களுக்கு நுடி என்ற கன்னடத் தட்டச்சு மென்பொருளும் மட்டும் அதில். நெட் வேலைக்கு எஸ்.பி. ரோட்டில் ஒரு ரீஃபர்பிஷ்டு கம்ப்யூட்டர் எடுத்தேன். நம் ஊரில் கம்பெனிகள் சில வருடம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழிக்கும் பெட்டிகள் அங்கே வந்து குவிகின்றன. ஐ5 எட்டாம் தலைமுறை, 8 ஜிபி, 256 ஜிபி எஸ்எஸ்டி, ஆறு மாத வாரன்டியோடு 14,000 ரூபாய். பணம் கொடுக்கும் முன் கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, 'டிபிஎம் டாட் எம்எஸ்சி' என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒரு பக்கம் திறக்கும். அதில் பதிப்பு 2.0 என்று இருக்கிறதா என்று பாருங்கள். அல்சூரில் மெட்ரோ ஏறி மெஜஸ்டிக்கில் மாறி சிக்பேட்டையில் இறங்கினால் எஸ்.பி. ரோடு நடைதூரம்தான். சென்ற வருடக் கடைசியிலிருந்து ரேம், எஸ்எஸ்டி விலை ஏறிக்கொண்டே போகிறது. ஏஐ வேலைக்கான பெரிய டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதுதான் காரணம். நான் 1,700-க்கு வாங்கிய எஸ்எஸ்டிக்கு இப்போது 2,800 சொல்கிறார்கள். புதிது வாங்குவதைவிட அது இன்னும் எவ்வளவோ குறைவு.

எக்ஸ்சேஞ்ச் பற்றி ஒரு வார்த்தை. போர்டு போச்சு என்ற கடையை நம்பி அன்றைக்கே கொடுத்திருந்தால், என் டிஸ்கிலிருந்த நூற்றுக்கணக்கான பேருடைய ஆதார், பான் நகல்களும் சேர்ந்தே போயிருக்கும். இன்றும் நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. டெலிட் செய்தால் அழியாது, குவிக் ஃபார்மட்டிலும் அழியாது. கழற்றிய டிஸ்கை இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டி, குவிக் என்ற இடத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுத்தேன். ஒரு மதியம் முழுக்க ஓடியது. டிஸ்க் முழுவதும் சைபரால் நிரம்பியபிறகுதான் எனக்கு நிம்மதி.

கம்ப்யூட்டர் கடைக்காரர்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள். என்ன பழுது என்பதை பில்லில் எழுதிக் கொடுங்கள். கழற்றிய பாகத்தை வாடிக்கையாளர் கையில் கொடுங்கள். மோட்டார் பம்ப் ரிப்பேர்காரர்கூட எரிந்த காயிலைக் காட்டிவிட்டுத்தான் காசு வாங்குகிறார்.

உங்களிடம் ஒன்று. 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள், இந்தப் பொருட்கள் பதிவு பெற்ற மறுசுழற்சி இடங்களுக்குத்தான் போகவேண்டும் என்கின்றன. எங்கள் தெருவில் அவை பழைய சாமான் வண்டிக்குத்தான் போகின்றன. செம்புக்காக ஒயரை எரிக்கும் புகை சாயங்காலங்களில் எங்கள் பக்கம் அடிக்கிறது. பெங்களூருவில் அப்படிப் பதிவு பெற்ற இடங்கள் எவை, எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று உங்கள் நாளிதழ் தமிழில் ஒரு பட்டியல் வெளியிட்டால், அதை வெட்டி என் கடைக் கண்ணாடியில் ஒட்டி வைப்பேன்.

அந்தப் பக்கத்துத் தெரு அம்மா 800 ரூபாய்க்குப் பெட்டியைக் கொடுக்கவில்லை. என் கடை மூலையில் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். அடுத்த மாதச் சம்பளத்தில் எஸ்எஸ்டி வாங்குவதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய சின்னப் பெண் ஏழாவது படிக்கிறாள். நீட்டிப்புக்கான பதிவை நான் செய்துகொடுக்கிறேன், அந்தப் பெண்ணுக்குத் தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டச்சும் சொல்லிக் கொடுப்பதாகப் பேச்சு.

இப்படிக்கு,
டிடிபி கடை நடத்தும் வாசகி,
அல்சூர், பெங்களூரு – 8