பூண்டு இருந்தால்தான் நம்பர் ஞாபகம் வருமா?

அன்பு பாப்பாவுக்கு,

பூம்பாறையில் நாலு நாளாக விடாத சாரல். விதைப்பூண்டைத் தாளோடு கட்டிப் பரணில் தொங்கவிட்டுப் புகை போட்டிருக்கிறோம். அம்மா இருமிக்கொண்டே என்னை வைகிறாள்.

போன முறை வந்தபோது, வேலைத் தொடர்புகளுக்கான அந்த லிங்க்டுஇன் தளத்தில் உன்னோடு இணைந்தவர்கள் 500 பேரைத் தாண்டிவிட்டதாகக் காட்டினாய். அதற்கு மேல் எத்தனை பேர் சேர்ந்தாலும் பார்க்கிறவர்களுக்கு ‘500+’ என்றுதான் தெரியுமாம், தம்பி சொன்னான். ஆனால் வேலை விஷயமாக ஒருத்தரும் பதில் போடவில்லை என்கிறாய். அழைப்போடு இரண்டு வரி எழுத இடம் இருந்தும் வெறுமனே அனுப்பியிருக்கிறாய். கல்யாணப் பத்திரிகையைத் திண்ணையில் வீசிவிட்டு வந்தால் யார் வருவார்கள்?

உன்னைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. வடுகபட்டிக் கமிஷன் கடைக்காரரிடம் மூட்டை ஏற்றும் நாளில் மட்டும்தான் பேசுவேன். அவர் அப்பா இறந்ததுகூடத் தெரியாமல் ஒருநாள் முன்பணம் கேட்டேன். “பூண்டு இருந்தால்தான் அண்ணனுக்கு என் நம்பர் ஞாபகம் வருமோ?” என்றார். போனை வைத்த பிறகும் காது சுட்டது. இப்போது சும்மாவே கூப்பிடுகிறேன்.

ஆனால் விதைப்பூண்டு கேட்டு ஆள் வந்தது அவர் மூலமாக இல்லை. வத்தலக்குண்டில் எப்போதாவது டீ குடிக்கும் கடைக்காரர் சொல்லி அனுப்பினார்! மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-இல் இதைத்தான் எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களை விசாரித்தாராம். அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்த்தவர்கள் 100-க்கு 17 பேர்கூட இல்லை. எப்போதாவது பார்த்தவர்கள் 55-க்கு மேல். நெருங்கிய சிநேகிதிக்கு உனக்குத் தெரிந்த சங்கதிதானே தெரியும்? (வாத்தியார் புத்தி, ரிட்டையர் ஆகியும் போகவில்லை.)

அதனால் புது ஆளைத் தேடுவதை இரண்டு நாள் நிறுத்து. கோயம்புத்தூரில் இருக்கும் உன் காலேஜ் சீனியர், முதல் கம்பெனி மேனேஜர், இவர்களுக்கு எழுது. எடுத்த எடுப்பில் வேலை கேட்காதே. அவர்கள் போட்டதைப் படித்துவிட்டு, புரியாத ஒரு இடத்தைக் கேள். அப்புறம், நீ திண்டாடிச் சரிசெய்த வேலையை உன் லிங்க்டுஇன் பக்கத்தில் தமிழிலேயே எழுதிப் போடேன். ‘பெருமையுடன் அறிவிக்கிறேன்’ மட்டும் வேண்டாம், படிக்கும்போதே கொட்டாவி வருகிறது.

நாளைக்குப் பஸ்ஸில் மூன்று கிலோ பூண்டு போட்டுவிடுகிறேன். ஒரு கிலோ வீட்டுக்காரம்மாவுக்கு. புகை வாசம் அடிக்குதே என்று கழுவிவிடப் போகிறார், சொல்லிக் கொடு.

அப்பா