அந்தப் பத்து விழுக்காடு யாருக்குப் போகிறது? ஹோட்டல் நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் சொகுசு ஹோட்டல் நடத்தும் நிர்வாகத்தினர் எல்லாருக்கும்,

வணக்கம். சென்ற டிசம்பரில் உங்களில் ஒருவருடைய ஹோட்டலில் 24, 25 ஆகிய இரண்டு இரவுகள் அம்மாவுடன் தங்கினேன். எந்த ஹோட்டல் என்று சொல்லப்போவதில்லை. நான் கேட்க வந்தது அந்த ஒரு இடத்தை மட்டும் பற்றியதல்ல, அங்கே எங்களிடம் மனம்விட்டுப் பேசியவருக்கு என்னால் தொல்லை வந்துவிடவும் கூடாது. கேள்வி இதுதான்: அறை வாடகைக்கு மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் வாங்குகிறீர்களே, அந்தப் பணம் அந்த அறையைச் சுத்தம் செய்தவர் கைக்குப் போய்ச் சேருகிறதா?

இதை ஏன் கேட்கிறேன் என்று சொல்ல, அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அம்மா 1991இலிருந்து 2009 வரை, 18 வருஷம், ஆர்ச்சர்ட் ரோடு பக்கம் ஒரு பெரிய ஹோட்டலில் அறை சுத்தம் செய்தவர். நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். அந்த 18 வருஷத்தில் டிசம்பர் 25ஆம் தேதி அவர் வீட்டில் இருந்தது இரண்டே முறை. ஒருமுறை தம்பி மருத்துவமனையில் இருந்தான், இன்னொரு முறை அம்மாவுக்கே முதுகு பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியவில்லை. அதனால் எங்கள் வீட்டில் கிறிஸ்மஸ் என்றால் 26ஆம் தேதிதான். அன்றைக்கு இங்கே பொது விடுமுறை கிடையாது, அப்பா லீவு போடுவார், அம்மாவுக்குப் பதில் விடுமுறை கிடைக்கும், எங்களுக்குப் பள்ளி இல்லை. கோழிப் பிரியாணியும் அச்சாரும் அன்றைக்குத்தான். அடுக்கு வீட்டில் மற்ற வீடுகளில் எல்லாம் கொண்டாட்டம் முடிந்து வாசலில் பரிசுத்தாள் குப்பை கிடக்கும்போது நாங்கள் புதுச்சட்டை போட்டுக்கொண்டு நிற்போம். நான் பெரியவளாகும் வரை அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

ஆர்ச்சர்ட் ரோட்டில் கிறிஸ்மஸ் விளக்கலங்காரம் 1984இல் தொடங்கியது. அம்மா வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு வருஷமும் பார்த்திருக்கிறார், பேருந்து ஜன்னலிலிருந்து, நின்றுகொண்டு. போன வருஷம் அவருக்கு 70 வயது ஆனபோது என்ன வேண்டும் என்று கேட்டோம். "அந்த வெளிச்சத்த ஒரு தடவ மேலருந்து பாக்கணும்" என்றார். 18 வருஷம் அந்த ஜன்னல்களைத் துடைத்தவர். வேலை ஐந்து மணிக்கு முடிந்துவிடும், இருட்டுவது ஏழு மணிக்கு. அதனால் இருட்டிய பிறகு அந்த ஜன்னலில் அவர் நின்றதே இல்லை. இதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

தம்பியும் நானும் காசு போட்டு ஓர் அறை எடுத்தோம். இணையத்தளத்தில் ஓர் இரவுக்கு 620 வெள்ளி, பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி. இரண்டு இரவுக்கு 1,240. அதற்கு 10 விழுக்காடு சேவைக் கட்டணம் 124. அப்புறம் இரண்டையும் கூட்டி அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. மொத்தம் 1,486 வெள்ளி 76 காசு. சேவைக் கட்டணத்துக்கு மட்டுமே 11 வெள்ளி 16 காசு வரி கட்டியிருக்கிறோம். சாதாரணக் கடையில் வரியையும் சேர்த்த விலையைத்தான் காட்ட வேண்டும். சேவைக் கட்டணம் வாங்கும் ஹோட்டல்களுக்கும் உணவகங்களுக்கும் அதிலிருந்து விலக்கு இருக்கிறது, கட்டணமும் வரியும் தனி என்று ஒரு குறிப்பு எழுதிவிட்டால் போதும். அதனால்தான் முதலில் 620 என்றே கண்ணில் படுகிறது. விலக்கு இருந்தாலும் முழு விலையைக் காட்ட உங்களை யாரும் தடுக்கவில்லை. சரி, விலை தெரிந்துதான் போனோம், அதைப் பற்றி இதற்கு மேல் பேசவில்லை.

24ஆம் தேதி மூன்று மணிக்குப் போனோம். வரவேற்புக் கூடத்தில் இரண்டு மாடி உயர மரம், இஞ்சி ரொட்டியில் கட்டிய வீடு, ஒரு பக்கம் வான்கோழியும் கேக்கும் வாங்க வந்தவர்கள் வரிசை, இன்னொரு பக்கம் எங்கள் வரிசை. அறை கையில் கிடைத்தபோது மணி ஐந்து நாற்பது. எங்களுக்கு முன்னால் நின்றவர் முகப்பில் இருந்த பெண்ணிடம் கத்தினார், அந்தப் பெண் கண் கலங்கிக்கொண்டே "மன்னிக்கவும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னது. எனக்கும் கோபம் வரத்தான் செய்தது. அம்மா என் கையைப் பிடித்து, "அந்தப் பிள்ளயத் திட்டி என்ன ஆகப்போவுது, மேல ஒருத்தி சாப்பிடாம ஓடிக்கிட்டிருப்பா" என்றார். அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எனக்கு அதை விளக்கமாகவும் சொன்னார்.

மற்ற நாட்களில் தொழில் விஷயமாக வருகிறவர்கள் காலை ஏழு மணிக்கே கிளம்பிவிடுவார்கள். அறைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காலியாகும். ஓர் ஆளுக்கு 14 அறை என்றாலும் காலையிலிருந்து பிரித்துப் பிரித்துச் செய்யலாம். கிறிஸ்மஸ் வாரத்தில் வருவது குடும்பங்கள். பிள்ளைகளோடு வந்தவர்கள் பன்னிரண்டு மணி வரை அறையை விடமாட்டார்கள், அடுத்தவர்கள் மூன்று மணிக்கு வாசலில் நிற்பார்கள். ஒருநாள் வேலை மூன்று மணி நேரத்துக்குள் வந்து விழுகிறது. அதோடு அறையும் சாதாரண அறையாக இருக்காது. கூடுதல் கட்டில், பிள்ளைகளுக்கான கூடாரம், பலூன், கம்பளம் முழுக்க மினுமினுப்புத் தூள். "அந்தத் தூள் இருக்கே, வேக்குவம் போட்டாலும் போவாது, முட்டி போட்டு டேப் ஒட்டி எடுக்கணும்" என்றார் அம்மா. அந்தத் தூள் நீங்கள் விற்கும் குடும்பத் தொகுப்பில் அலங்காரத்தோடு வருவதுதான். அதை நிறுத்திவிட்டால் ஒரு குழந்தையும் அழப்போவதில்லை.

இன்னொன்றும் சொன்னார். 'பூமியைக் காப்போம், இன்று அறையைச் சுத்தம் செய்ய வேண்டாம்' என்று கட்டிலில் ஓர் அட்டை வைக்கிறீர்கள். நல்ல விஷயம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மூன்று நாள் யாரும் நுழையாத அறையை நான்காம் நாள் ஒருவர் அதே நேரக் கணக்கில் முடிக்க வேண்டும் என்றால், மிச்சமான வேலை முழுக்க அவர் முதுகில்தான் ஏறுகிறது. அட்டையை எடுக்கச் சொல்லவில்லை, அந்த அறையை ஓர் அறையாக எண்ணாமல் இரண்டாக எண்ணுங்கள்.

மூன்று மணி என்பதைக் கிறிஸ்மஸ் வாரத்துக்கு மட்டுமாவது மாற்றினால் என்ன? பதிவு செய்யும்போதே பாதிப் பேருக்கு ஐந்து மணி என்று சொல்லி, வாடகையில் கொஞ்சம் குறையுங்கள். நாங்கள் சந்தோஷமாக ஐந்து மணிக்கு வருவோம். எந்த அறை எப்போது காலியாகும் என்ற கணக்கு உங்கள் கணினியில் பல வாரங்களுக்கு முன்பே இருக்கிறதே.

அன்றிரவு விளக்குகளைப் பார்த்தோம். அதைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். ஒரு மணி நேரம் ஜன்னலோரம் நின்றார், கால் வலிக்கும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை. அப்புறம் ஓஃபீர் ரோட்டில் இருக்கும் லூர்து மாதா கோயிலுக்கு இரவுப் பூசைக்குப் போனோம். தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக 1888இல் கட்டி முடித்த கோயில், அம்மாவுக்குத் திருமணம் நடந்ததும் அங்கேதான்.

25ஆம் தேதி காலையில் அறை சுத்தம் செய்ய வந்தவர் ஒரு தமிழ்ப் பெண், என்னைவிட இளையவர். ஜொகூர் பாருவிலிருந்து தினமும் வருகிறாராம். காலை நாலு மணிக்கு வீட்டை விட்டு இறங்கி, உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைத் தாண்டி வந்து சேர வேண்டும். அம்மா அவரை வேலை செய்யவிடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார், பேசிக்கொண்டே தலையணை உறைகளை உருவிக் கொடுத்தார். "விடுங்க ஆண்ட்டி, யாராவது பார்த்தா என்னத்தான் கேப்பாங்க" என்று அவர் தடுத்தார். அம்மா கேட்டார்: "சர்வீஸ் சார்ஜ் பாயின்ட் எவ்வளவும்மா வருது இப்பல்லாம்?" அந்தப் பெண்ணுக்குக் கேள்வியே புரியவில்லை. அவர் ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியர். ஹோட்டல் சம்பளமும் இல்லை, சேவைக் கட்டணத்தில் பங்கும் இல்லை. அப்படி ஒரு பங்கு இருக்கிறது என்பதையே எங்களிடம்தான் கேள்விப்பட்டார்.

அம்மா அப்புறம் வெகுநேரம் பேசவில்லை. அவர் காலத்தில் அவர் வேலை செய்த இடத்தில் மாதாமாதம் சேவைக் கட்டணத்தைப் பாயின்ட் கணக்கில் ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். டிசம்பரில் ஹோட்டல் நிறைந்திருக்கும், அந்தப் பங்கு ஜனவரியில் வரும். எங்களுக்குப் பள்ளி திறப்பதும் ஜனவரியில்தான். எங்கள் சீருடை, காலணி, புத்தகம் எல்லாம் அந்தப் பணத்தில் வாங்கியவை. உங்கள் விருந்தினர்கள் கொடுத்த பத்து விழுக்காட்டில் படித்து வந்தவள் நான், அதனால் எனக்கு இது வெறும் கணக்கு விஷயம் இல்லை.

சேவைக் கட்டணத்தை ஊழியர்களுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று சிங்கப்பூரில் சட்டம் கிடையாது. ஹோட்டல் அதை வருமானமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் விருந்தினர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? இங்கே இனாம் கொடுக்கும் பழக்கம் இல்லாததற்கு ஒரு காரணமே இதுதான், 'சேவைக் கட்டணம் கொடுத்தாயிற்றே' என்றுதான் நினைக்கிறோம். மேசையில் பத்து வெள்ளி வைக்கலாம் என்று பைக்குள் கை போகும், ரசீதில் 124 வெள்ளியைப் பார்த்ததும் கை திரும்பி வந்துவிடும். உங்கள் ரசீதின் அந்த ஒரு வரி, அந்தப் பெண்ணுக்கு வரவேண்டிய பங்கைக் கொடுக்காததோடு, நாங்கள் நேராகக் கொடுத்திருக்கக்கூடியதையும் தடுத்துவிடுகிறது.

சில ஹோட்டல்கள் அதைச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம். அது ஊழியருக்கு நல்லதாகவும் இருக்கும். 2020இல் எல்லை மூடியபோது சேவைக் கட்டணப் பங்கை நம்பியிருந்தவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும், நிலையான சம்பளம் பெரிய பாதுகாப்பு. அப்படிச் செய்கிறீர்கள் என்றால் அதையே எழுதுங்கள். ரசீதின் அடியில் ஒரு வரி போதும்: 'இந்தக் கட்டணம் இன்னார் இன்னாருக்குப் போகிறது, ஒப்பந்த ஊழியருக்கும் உண்டு' அல்லது 'இது ஹோட்டலின் வருமானம்'. எதுவாக இருந்தாலும் தெரிந்துகொண்டு கொடுக்கிறோம். கேட்கும் உரிமை எங்களுக்கு இருக்கிறது என்றே நினைக்கிறேன். 2020 டிசம்பரில் அரசாங்கம் 18 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்களுக்கு 100 வெள்ளி பற்றுச்சீட்டு கொடுத்தபோது, வெளிநாட்டார் வராத உங்கள் அறைகளுக்கு வந்து தங்கியது நாங்கள்தான்.

நீங்கள் செய்யவேண்டியதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான். கிறிஸ்மஸ் அன்று அறை சுத்தம் செய்கிறவர் யாருடைய ஊழியராக இருந்தாலும் அந்த வாரத்துச் சேவைக் கட்டணத்தில் அவருக்கு ஒரு பங்கு கொடுங்கள். ஒப்பந்தத்தில் எழுத முடியாத விஷயமாக இது எனக்குத் தோன்றவில்லை.

26ஆம் தேதி காலையில் கிளம்பும்போது நான் கட்டிலைச் சரிசெய்யப் போனேன். "அத மடிச்சு வச்சா அவளுக்கு ரெட்ட வேல, எல்லாத்தையும் மறுபடி உருவணும்" என்று அம்மா தடுத்தார். விரிப்பைக் கழற்றி, உறைகளை உருவி, துண்டுகளை எல்லாம் குளியல்தொட்டியில் ஒன்றாகப் போட்டார், குப்பையைக் கட்டிக் கதவோரம் வைத்தார். தலையணையின் கீழ் ஐம்பது வெள்ளி வைத்துவிட்டு, அவருக்கான பணம்தான் என்று தெரிய வேண்டுமே என்பதற்காகத் தமிழில் ஒரு சீட்டு எழுதினார். அப்புறம் வீட்டுக்குப் போய் பிரியாணி சமைத்தோம், எங்கள் வழக்கம்போல் 26ஆம் தேதியன்று.

இந்த வருஷமும் போகலாமா என்று அம்மாவைக் கேட்டேன். சம்மதித்தார். பதிவு செய்வதற்கு முன்னால் மூன்று ஹோட்டல்களின் முன்பதிவுப் பிரிவுக்கு மேலே கேட்ட கேள்வியை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். நேராகப் பதில் சொல்லும் ஹோட்டலில் 24ஆம் தேதிக்கு ஓர் அறை எடுத்துக்கொள்கிறோம், ஆர்ச்சர்ட் ரோட்டைப் பார்த்த ஜன்னல் இருந்தால் நல்லது. ஐந்து மணிக்கு வருகிறோம்.

அன்புடன்,
அறை சுத்தம் செய்த ஒருவரின் மகள்