நியூயார்க் போகும் நண்பனுக்கு

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. மகன் குவீன்ஸில் வீடு பிடித்துவிட்டான், நீயும் மீனாவும் போய்க் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வரப் போகிறீர்கள் என்று படித்ததும் மனசு நிறைந்தது. அந்த ஊர்ச் சரித்திரத்தை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தாய். சுதந்திர தேவி சிலையும் எல்லிஸ் தீவும் எல்லோரும் சொல்வதுதான், அவற்றையும் பார். ஆனால் பொதுப்பணித் துறையில் கட்டடமே கதி என்று கிடந்தவன் நீ. மன்ஹாட்டன் தீவின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில் குடியேறிகள் அடைந்து கிடந்த ஒண்டுக்குடித்தனக் கட்டடங்களிலிருந்து தொடங்கு என்பேன்.

எல்லாவற்றுக்கும் மூலம் மனையின் அளவு. 1811-இல் மன்ஹாட்டனுக்குத் தெருக்கட்டம் வரைந்தபின் 25 அடி அகலம், 100 அடி ஆழம் என்பதே வழக்கமான மனையாகிவிட்டது. நம் கணக்கில் ஒரு கிரவுண்டுக்குக் கொஞ்சம் கூடுதல். ஒரு குடும்பத்துக்குத் தாராளமான இடம். அதில்தான் இருபது, இருபத்திரண்டு குடும்பங்களை ஏற்றினார்கள். ஆர்ச்சர்ட் தெரு 97-ஆம் எண் வீடு இன்று அருங்காட்சியகம். 1863-இல் லூகாஸ் கிளாக்னர் என்ற ஜெர்மானியத் தையற்காரர் கட்டியது. மாடிக்கு நான்கு குடித்தனம், ஒவ்வொன்றும் மூன்று அறை, மொத்தம் 325 சதுர அடி. முன்னறைக்கு மட்டும் வெளிச்சன்னல். அடுக்களையும் படுக்கையறையும் இருட்டு. கக்கூஸ் கொல்லைப்புறத்தில். 1935 வரை அங்கே இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 7,000 பேர் வாழ்ந்திருக்கிறார்கள். முதலில் ஜெர்மானியர், ஐரிஷ்காரர். 1881-க்குப் பிறகு ரஷ்யப் பேரரசில் கலவரங்களுக்குத் தப்பி வந்த யூதர்கள். அப்புறம் இத்தாலியர்.

நீ நின்று பார்க்க வேண்டியது 1879 சட்டம். எந்த அறையும் சன்னல் இல்லாமல் இருக்கக் கூடாது என்றது அது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு பத்திரிகை நடத்திய போட்டியில் ஜேம்ஸ் வேர் என்ற கட்டடக் கலைஞருக்குப் பரிசு வாங்கித் தந்த வரைபடம்தான் சட்டத்துக்கு ஏற்ற வடிவமாகப் பரவியது. கட்டடம் முன்னும் பின்னும் முழு அகலம், நடுவில் இடுப்பு ஒடுங்கியது. பக்கத்துக்கு 28 அங்குலம் உள்வாங்கும். பக்கத்து வீட்டுக்காரனும் அப்படியே விட்டால் இரண்டும் சேர்ந்து ஐந்து அடிக்குக் கொஞ்சம் குறைவு. வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் வானம் பார்த்த இடமாக நாம் ஓ.டி.எஸ். விடுகிறோமே, அதுதான். ஆனால் ஐந்தாறு மாடி உயரத்துக்கு, நாலு பக்கமும் அடைத்து, அடியில் காற்று நுழைய வழி வைக்காமல். மேலே திறந்திருந்தாலும் கீழே நுழைவு இல்லாத குழியில் காற்று எப்படி ஏறும்? நின்று நாறியது. கீழே இறங்கக் களைத்தவர்கள் குப்பையை அதிலேயே கொட்டினார்கள். அள்ளப் போக வழி சரியில்லை. எதிர்ச் சன்னல் கையெட்டும் தூரம் என்பதால், நாற்றத்துக்கும் இரைச்சலுக்கும் பயந்து சன்னலை மூடியே வைத்தார்கள். தீப்பிடித்தால் அந்தச் சந்து புகைபோக்கி மாதிரி வேலை செய்து நெருப்பை மாடிக்கு மாடி ஏற்றியது. மாடிக்குப் பதினான்கு அறையில் தெருவையோ கொல்லையையோ பார்த்தவை நாலே நாலு. சன்னல் வேண்டும் என்றவர்கள், அது இப்படி ஒரு சந்தைப் பார்த்துத் திறந்தாலும் போதும் என்று விட்டுவிட்டார்கள். அந்த ஒரு சலுகைக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஜனங்கள் விலை கொடுத்தார்கள்.

1900-இல் இந்தக் கட்டடங்களைச் சீர்திருத்தப் பாடுபட்ட லாரன்ஸ் வெய்லர் ஒரு கண்காட்சி வைத்தார். நாலு தெருவுக்கு நடுவே உள்ள ஒரே ஒரு கட்டடத் தொகுதியை அட்டையில் மாதிரி செய்து நிறுத்தியிருந்தார். 39 கட்டடம், 605 குடித்தனம், 2,781 பேர். கக்கூஸ் 264. வெந்நீர் வசதி 40 குடித்தனத்துக்கு மட்டும். குளியலறை ஒன்றுகூட இல்லை. இரக்கப்பட்டு எழுதிய எத்தனையோ கட்டுரைகளைவிட அந்த எண்கள்தான் வேலை செய்தன என்பது என் எண்ணம்.

1901-இல் புதுச் சட்டம் வந்தது. சந்து போய் அகலமான முற்றம் கட்டாயமாயிற்று. ஒவ்வொரு குடித்தனத்துக்கும் உள்ளேயே கக்கூஸ். பழைய கட்டடமும் தப்பவில்லை, இரண்டு குடும்பத்துக்கு ஒன்றாவது வைத்தாக வேண்டும். சோதனை போடத் தனி இலாகாவே அமைத்தார்கள். வீட்டுக்காரர்கள் சும்மா விடவில்லை. கொல்லைக் கக்கூஸை எடுக்க மாட்டேன் என்று மோஷன் என்ற வீட்டுக்காரம்மா தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1906-இல் தோற்றது. ஆர்ச்சர்ட் தெரு வீட்டிலும் மாடிக்கு இரண்டு கக்கூஸ் வந்தது இந்தச் சட்டத்தால்தான்.

தெருவில் நின்றே எது எந்தச் சட்டத்துக் கட்டடம் என்று சொல்லிவிடலாம். முகப்பு 25 அடி என்றால் பெரும்பாலும் 1901-க்கு முந்தியது. 40, 50 அடி அகலமும் ஆறு மாடியும் இருந்தால் புதுச் சட்டத்துது. முற்றத்துக்கு விட்டபின் ஒற்றை மனையில் வாடகை கட்டுப்படியாகாது, அதனால் மனைகளைச் சேர்த்தார்கள். ஆறு மாடியைத் தாண்டினால் முழுக்கத் தீத்தடுப்புக் கட்டுமானம் வேண்டும், செலவு எகிறும், அதனால் ஆறோடு நிறுத்தினார்கள். முகப்பு நகாசு வேலையைப் பார்த்து ஏமாறாதே, இருட்டறைக் கட்டடத்துக்கும் முகம் அழகாகத்தான் இருக்கும். முகப்புகள் ஒட்டி நிற்பதால் சந்து தெருவிலிருந்து தெரியாது. செல்பேசியில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து பார், ஒடுங்கிய இடுப்பு வரிசையாகத் தெரியும்.

வில்லியம்ஸ்பர்க் பாலம் 1903-இலும் சுரங்க ரயில் 1904-இலும் வந்தபின் கையில் நாலு காசு சேர்ந்தவர்கள் புரூக்ளினுக்கும் பிராங்ஸுக்கும் போனார்கள். 1924 குடியேற்றச் சட்டம் தெற்கு, கிழக்கு ஐரோப்பியர் வரவை ஒடுக்கியது. சீனரை 1882-லேயே தடுத்தாயிற்று. ஆள் வராத கட்டடத்துக்கு எந்த முதலாளி செலவழிப்பான்? 1935-இல் தீத்தடுப்பு வேலை செய்யச் சொன்னபோது 97-ஆம் எண் முதலாளி குடித்தனக்காரர்களைக் காலி செய்துவிட்டு மாடிகளைப் பூட்டினார். அந்தப் பூட்டுதான் உள்ளே எல்லாவற்றையும் காப்பாற்றிக் கொடுத்தது. மன்ஹாட்டனில் 1910-இல் 23 லட்சம் பேர், 2020-இல் 17 லட்சத்துக்கும் குறைவு. அந்த நெரிசலை இதை வைத்துப் புரிந்துகொள்.

எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பேரை மாற்றி எழுதிவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதே. கப்பல் கம்பெனி ஏறும் துறைமுகத்திலேயே எழுதிக் கொடுத்த பட்டியலை வைத்துத்தான் அங்கே விசாரித்தார்கள். பேரைச் சுருக்கிக்கொண்டவர்கள் பெரும்பாலும் பிற்பாடு தாங்களாகவே செய்துகொண்டார்கள்.

1965-இல் குடியேற்றத்துக்கு இருந்த நாட்டுவாரி ஒதுக்கீடு ஒழிந்தபின் நம் பக்கத்து ஜனங்கள் போய் இறங்கியது பெரும்பாலும் உன் மகன் இருக்கும் குவீன்ஸில்தான். ஃபிளஷிங்கில் பௌன் தெருப் பிள்ளையார் கோயிலுக்கு 1977 ஜூலை 4 அன்று கும்பாபிஷேகம். பழைய ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் தேவாலயம் இருந்த மனை அது. அந்தத் தெருவின் பேருக்குரிய ஜான் பௌன், குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் தன் வீட்டில் கூடி வழிபட இடம் கொடுத்ததற்காக 1662-இல் டச்சு ஆளுநரால் கைதாகி நாடு கடத்தப்பட்டவர். ஹாலந்தில் வாதாடி ஜெயித்துத் திரும்பினார். அவர் வீடு இன்னும் நிற்கிறது, கோயிலிலிருந்து நடந்தே போகலாம். 7-ஆம் எண் ரயிலின் கடைசி நிலையத்தில் இறங்கு.

ஆர்ச்சர்ட் தெருவுக்கு எஃப் ரயிலில் டெலான்ஸி தெரு நிலையம். மாடிகளை வழிகாட்டியோடுதான் பார்க்க முடியும், ஒரு சுற்றில் எல்லாக் குடித்தனமும் காட்ட மாட்டார்கள். எந்தக் குடும்பம் என்று தேர்ந்து முன்பதிவு செய்துகொள். படி ஏறணும், மீனாவின் முழங்காலை யோசித்து முடிவு செய். பார்த்துவிட்டு அளவுகளோடு எழுது.

அன்புடன்,
ராஜாமணி