மந்திர வாள்வீரன்: கணக்கு எங்கே பிசகுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேசை விளையாட்டுகள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, பகடை உருட்டிக் கற்பனைப் பாத்திரங்களாக ஆடும் டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸில் வீட்டிலேயே விதி எழுதும் 'ஹோம்ப்ரூ' பழக்கத்தைப் புதியவர்களுக்கு நன்றாகவே அறிமுகம் செய்தது. ஆனால் மந்திரம் தெரிந்த வாள்வீரன் ஒருவனை உருவாக்க, ஃபைட்டர் என்ற போர்வீரப் பாத்திரத்துக்கு, வாளோடு மந்திரமும் தெரிந்த பாலடினின் மந்திர வரிசையைக் கொடுத்து, அடியின் அளவைச் சற்றுக் குறைத்தால் சமன் வந்துவிடும் என்று அதில் எழுதியிருந்ததை ஏற்க முடியவில்லை. இந்த வகை சப்கிளாஸ் (ஃபைட்டர் போன்ற ஒரு கிளாஸின், அதாவது பாத்திர வகையின், உட்பிரிவு) பெரும்பாலும் கெடுவது அடியின் அளவால் இல்லை. ஒரு டர்னில் (ஒருவரின் முறையில்) எத்தனை செயல், ஆட்டத்துக்குள் வரும் ஒரு நாளில் எத்தனை ஓய்வு என்ற இரண்டு கணக்கில்தான் பிசகுகிறது.

5ஆம் பதிப்பின் 2014 விதிகளை வைத்துச் சொல்கிறோம். ஃபைட்டரின் கை ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. உயிர்ப்புள்ளிக்குப் பத்துமுக ஹிட் டைஸ், எல்லாக் கவசமும், 2ஆம் லெவலில் ஆக்ஷன் சர்ஜ் (ஒரு டர்னில் இன்னொரு ஆக்ஷன்), 5, 11, 20ஆம் லெவல்களில் ஒவ்வொரு கூடுதல் அடி. பெரும்பாலான கிளாஸ்களுக்குத் திறன்மதிப்பை உயர்த்த ஐந்து வாய்ப்பு என்றால் இவனுக்கு ஏழு. சப்கிளாஸ் எழுதுபவருக்கு மிஞ்சுவது 3, 7, 10, 15, 18 ஆகிய ஐந்து லெவல்கள் மட்டுமே. பாலடினும், அவனைப் போலவே ஆயுதமும் மந்திரமும் கலந்த ரேஞ்சரும் பாதி வேக (முழு மந்திரவாதியின் பாதி வேகத்தில் வளரும்) மந்திர வரிசையை வைத்துக்கொள்ள முடிவது, ஆக்ஷன் சர்ஜும் 11ஆம் லெவலின் மூன்றாவது அடியும் அவர்களுக்கு இல்லை என்பதால்தான். மூன்று அடி அடிப்பவனிடம் அதே வரிசையைக் கொடுத்தால் இரண்டு சம்பளம் கொடுத்ததாகிவிடும்.

ஆகவே மூன்றில் ஒரு பங்கு வரிசையே சரி. ஃபைட்டரின் மந்திர சப்கிளாஸான எல்ட்ரிச் நைட் நடப்பது அதில்தான்: 3ஆம் லெவலில் முதல்படி ஸ்லாட் (ஒரு மந்திரம் போடச் செலவாகும் இடம்) இரண்டு, 4இல் மூன்று. 7இல் முதல்படி நான்கும் இரண்டாம்படி இரண்டும். 10இல் இரண்டாம்படி மூன்றாகிறது. 13இல்தான் மூன்றாம்படி எட்டிப் பார்க்கிறது. 19இல் நான்காம்படி ஒன்றே ஒன்று. புதிதாக எழுதுபவர்கள் இந்த அட்டவணையில் கைவைக்காமல் இருப்பதே நல்லது. பல கிளாஸ் கலக்கும்போது ஃபைட்டர் லெவலை மூன்றால் வகுத்து, மீதியை விட்டுவிட்டுக் கணக்கிட வேண்டும் என்ற வரியையும் சேர்த்தே எழுதிவிட வேண்டும். விட்டுப்போனால் மேசையில் முதல் சண்டை அதைப் பற்றித்தான் வரும்.

அடுத்து, எவ்வளவு வலிமை கொடுக்கலாம்? இதற்கு நல்ல அளவுகோல் மந்திரமே தெரியாத இன்னொரு ஃபைட்டர் சப்கிளாஸான பேட்டில் மாஸ்டர். 3ஆம் லெவலிலிருந்தே அவனுக்கு அடியோடு கூட்டிக்கொள்ள நான்கு எட்டுமுகப் பகடைகள், எழுதும் வழக்கப்படி 4டி8, சராசரி 18. ஒவ்வொரு ஷார்ட் ரெஸ்டுக்கும் (குறுகிய ஓய்வுக்கும்) அவை திரும்பி வரும். நாளுக்கு இரண்டு ஷார்ட் ரெஸ்ட் என்று விதிநூல் எதிர்பார்ப்பதால் மொத்தம் 54. நாளுக்கு ஒரு முறை மட்டுமே ஸ்லாட் நிரம்பும் மந்திரக்காரனைப் பாருங்கள். முதல்படி மந்திரம் ஒரே எதிரியின் மேல் 2டி10, அதாவது சராசரி 11 அடிக்கலாம் என்பது ஆட்டத்தை நடத்துபவருக்கான டன்ஜன் மாஸ்டர் கைநூலின் வழிகாட்டி. 5ஆம் லெவலில் மூன்று ஸ்லாட்டுக்கு 33. மீதி 21தான் கேன்ட்ரிப் (ஸ்லாட் செலவில்லாத சிறு மந்திரம்), தற்காப்பு, பூட்டைத் திறப்பது போன்ற பலவகைப் பயனுக்கான இடம். தாள் அளவில் சமன்தான்.

இப்போது ஒரு நாளைக்கு ஒரே ஒரு பெரிய சண்டை வைக்கும் மேசைக்கு இதே இருவரையும் கொண்டுபோங்கள். பேட்டில் மாஸ்டருக்கு 18, மந்திரக்காரனுக்கு அதே 33. ஒரு எழுத்தும் மாறவில்லை, சமன் தலைகீழாகிவிட்டது. வேலை முடித்து இரவில் மூன்று மணி நேரம் ஆடுகிற குழுக்களில் விதிநூல் எதிர்பார்க்கும் ஆறு முதல் எட்டு சண்டை கொண்ட 'நாள்' நடப்பதே இல்லை. எனவே எந்த மேசைக்கு எழுதுகிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். ஓய்வு குறைந்த மேசை என்றால் புதிய சக்திகளை ஷார்ட் ரெஸ்டில் கட்டாமல், லெவலோடு வளரும் புரொஃபிஷியன்சி போனஸ் எண்ணிக்கையில் நாளுக்கு இத்தனை தடவை என்று கட்டுவது பாதுகாப்பு.

செயல் கணக்கு இதைவிட நுட்பமானது. எல்ட்ரிச் நைட்டின் 7ஆம் லெவல் வார் மேஜிக்கையே எடுத்துக்கொள்ளலாம்: ஆக்ஷனில் கேன்ட்ரிப் போட்டால் போனஸ் ஆக்ஷனில் (டர்னுக்கு ஒன்றே கிடைக்கும் கூடுதல் சிறு செயலில்) ஆயுதத்தால் ஒரு அடி. ஸ்ட்ரெங்த் 20 உள்ளவன் கிரேட்ஸ்வோர்டால் அடித்தால், பட்ட அடி ஒன்றுக்கு 12. இரண்டு அடிக்கு 24. ஃபயர் போல்ட் கேன்ட்ரிப் (2டி10) போட்டு ஒரு அடி அடித்தால் 23. அதுவும் ஃபயர் போல்ட், அவனிடம் ஸ்ட்ரெங்த்தைவிடக் குறைவாக இருக்கும் இன்டெலிஜென்ஸை வைத்துக் குறிபார்ப்பதால் அடிக்கடி தவறும். போனஸ் ஆக்ஷனும் போய்விட்டது. ஆயுத அடியோடு சேர்ந்து வரும் பூமிங் பிளேடு கேன்ட்ரிப் இருந்தால்தான் 28.5 வரை வருகிறது. 11ஆம் லெவலில் மூன்று அடிக்கு 36, பூமிங் பிளேடு வழியில் 33, எதிரி நகர்ந்தால் மட்டும் அதைத் தாண்டும். அதாவது அவனுடைய அடையாளச் சக்தி நாலே லெவலில் மங்கிப்போகிறது. 2024 திருத்தத்தில் இதை மாற்றி, அட்டாக் ஆக்ஷனின் அடிகளில் ஒன்றுக்குப் பதிலாகக் கேன்ட்ரிப் போடலாம் என்றார்கள். போனஸ் ஆக்ஷன் மிச்சம், அடி எண்ணிக்கை உயர உயரச் சக்தியும் கூடவே வரும். புதிதாக எழுதுபவர்கள் இந்த வடிவத்தையே எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு மாதிரி சொல்கிறோம். பெயர் 'முத்திரை வீரன்' என்று வைத்துக்கொள்வோம். 3ஆம் லெவலில் மேற்சொன்ன ஸ்லாட் வரிசையும் இரண்டு கேன்ட்ரிப்பும். கூடவே ஒரு சக்தி: தன் டர்னில் ஒரு முறை, ஆயுத அடி பட்டதும் ஒரு ஸ்லாட்டைச் செலவழித்து எதிரியின் மேல் முத்திரை குத்தலாம். முத்திரை வீரனின் அடுத்த டர்ன் தொடங்கும் வரை அந்த எதிரி அவனை விட்டு வேறொருவரைத் தாக்கினால், முதல் தாக்குதலில் டிஸட்வான்டேஜ் (இருமுறை உருட்டிக் குறைந்ததை எடுப்பது), அத்துடன் 2டி8 ஃபோர்ஸ் அடி. ஸ்லாட் ஒருபடி ஏறினால் ஒரு டி8 கூடும். சராசரி 9, வழிகாட்டியின் 11ஐவிடக் குறைவு. அதுவும் எதிரி தேர்ந்தெடுத்தால்தான் விழும். ஆகவே டிஸட்வான்டேஜையும் சேர்த்தது மிகையாகாது.

இதில் 'தன் டர்னில் ஒரு முறை' என்ற சொற்கள்தான் பூட்டு. அதை எடுத்துவிட்டு, பாலடினின் ஸ்மைட் போல ஒவ்வொரு அடிக்கும் உடனே 2டி8 என்று எழுதினால் என்ன ஆகும்? 5ஆம் லெவலில் ஆக்ஷன் சர்ஜோடு நான்கு அடி. மூன்று ஸ்லாட்டையும் ஒரே டர்னில் கொட்டி 27 கூடுதல். தலைவன் மாதிரியான எதிரி தன் முறை வருமுன்னே விழுந்துவிடுவான். அன்றைய மீதி நேரம் முழுக்க அதே ஆட்டக்காரர் கையில் ஒன்றுமில்லாமல் இருப்பார். இரண்டு பக்கமும் கெடுகிறது. இன்னொன்று: 'ஒரு டர்னில் ஒரு முறை' என்று மட்டும் எழுதினால் மற்றவர் டர்னில் வரும் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக்கிலும் (விலகிப்போகும் எதிரியை அடிப்பதிலும்) அது வேலை செய்யும். அதை வேண்டுமென்று செய்கிறோமா என்பது தெரிந்திருக்க வேண்டும்.

முத்திரை வீரனின் மற்ற லெவல்கள்: 7இல் மேலே சொன்ன கேன்ட்ரிப் மாற்று, 10இல் நாளுக்கு ஒரு முறை ஷார்ட் ரெஸ்டில் ஒரு ஸ்லாட் மீட்பு (இரண்டாம்படிக்குமேல் வேண்டாம்), 15இல் ஆக்ஷன் சர்ஜோடு சேர்ந்த ஓர் இடமாற்றம், 18இல் இரண்டு அடியை விட்டுக்கொடுத்து முதல் அல்லது இரண்டாம்படி மந்திரம். மேல் லெவல்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. பெரும்பாலான ஆட்டங்கள் அங்கே போய்ச் சேர்வதில்லை.

மந்திரப் பட்டியலில்தான் கட்டுரை கவனிக்காத இரண்டு பள்ளங்கள் உள்ளன. முதலாவது, தற்காப்பு எண்ணில் 5 கூட்டும் ஷீல்டு மந்திரம். அந்த எண்ணில் பிளேட் கவசம் 18, கேடயம் 2, டிஃபென்ஸ் ஸ்டைல் 1, மொத்தம் 21. +7 வைத்துத் தாக்கும் எதிரிக்கு இருபதுமுகப் பகடையில் 14 விழ வேண்டும், 35 சதவீதம். ஷீல்டு போட்டால் 26. 19 விழ வேண்டும், 10 சதவீதம். கவசமின்றித் துணி உடுத்த மந்திரவாதியான விஸார்டின் கையில் நியாயமாக இருக்கும் மந்திரம் இங்கே சுவராகிவிடுகிறது. தாக்குதல்களைத் தன் மேல் இழுக்கும் முத்திரை வீரனுக்கு இது இன்னும் மோசம் என்பதால், அவன் பட்டியலிலிருந்து ஷீல்டை நீக்கியே எழுதுவோம்.

இரண்டாவது, கான்சென்ட்ரேஷன், அதாவது அடிபட்டாலும் மந்திரத்தைக் கலையாமல் பிடித்திருப்பது. ஃபைட்டருக்குக் கான்ஸ்டிட்யூஷன் (உடலுறுதி) சேவில், அதாவது தாக்குப்பிடிக்க உருட்டும் பகடையில், தேர்ச்சி பிறப்பிலேயே உண்டு. 13ஆம் லெவலில் கான்ஸ்டிட்யூஷன் 16 என்றால் +8. அடிபட்டதும் எடுக்கும் குறைந்தபட்ச டிசி (எட்ட வேண்டிய எண்) 10 சேவில் 1 விழுந்தால் மட்டுமே மந்திரம் கலையும்: 5 சதவீதம். கான்ஸ்டிட்யூஷன் 14 உள்ள, தேர்ச்சி இல்லாத விஸார்டுக்கு 35 சதவீதம். ஹேஸ்ட் (வேகமூட்டல்) போன்ற மந்திரத்தை மதிப்பிடும்போது விஸார்டின் கையில் அதன் மதிப்பைப் பார்க்காமல், எளிதில் கலையாத கையில் பார்க்க வேண்டும்.

மாறாக, எதிரியிடம் சேவ் கேட்கும் மந்திரங்களை அஞ்ச வேண்டாம். இன்டெலிஜென்ஸ் 14 வைத்திருக்கும் 7ஆம் லெவல் வீரனின் டிசி வெறும் 13. இது பரிதாபமாக இருக்கிறதே என்று, இன்டெலிஜென்ஸாலேயே வாளும் வீசலாம் என எழுதத் தோன்றும். அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரே மதிப்பு அடியையும் மந்திரத்தையும் தூக்கிவிட்டால், ஏழு உயர்வு வாய்ப்பில் மீதியெல்லாம் ஃபீட் (உயர்வுக்குப் பதில் எடுக்கும் சிறப்புத் திறமை) வாங்கப் போய்விடும்.

சோதிக்க 3, 5, 7, 11, 13 ஆகிய லெவல்கள் போதும். ஃபைட்டரின் சப்கிளாஸ்களான சாம்பியன், பேட்டில் மாஸ்டர், எல்ட்ரிச் நைட் மூவரோடு புதியவனையும் ஒரே எதிரிகள்மேல் விடுங்கள். மூன்று சண்டை நாள் ஒன்று, ஒரு சண்டை நாள் ஒன்று. குறிக்க வேண்டியவை அடியின் மொத்தம், முடிவில் மிஞ்சிய ஸ்லாட், வீணான போனஸ் ஆக்ஷனும் ரியாக்ஷனும் (எதிர்வினையும்). ஆட்டக்காரர் யோசிக்காமல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே செயலைச் செய்கிறார் என்றால், அந்தச் சக்தி மற்றவற்றைவிட மலிவாக இருக்கிறது என்று பொருள், விலையை ஏற்றுங்கள். எண்கள் பொருந்தியும் மேசையில் ஒருவர் முகம் சுளித்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வெளியிட நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 2023 ஜனவரியில் 5ஆம் பதிப்பின் 5.1 விதித்தொகுப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் திறந்துவிடப்பட்டது. அதில் ஃபைட்டருக்கு இருக்கும் ஒரே சப்கிளாஸ் சாம்பியன். எல்ட்ரிச் நைட்டின் வாசகமோ பூமிங் பிளேடோ அதில் இல்லை. எனவே ஸ்லாட் அட்டவணையை ஒப்பிட்டுப் பார்க்கலாம், வரிகளை நகலெடுக்கக் கூடாது. சக்திகளைச் சொந்தச் சொற்களில் எழுதி, மந்திரங்களை அந்தத் தொகுப்பிலிருந்து மட்டும் எடுத்து, உரிமம் கேட்கும் ஒப்புகை வரியை முதல் பக்கத்திலேயே போட்டுவிட வேண்டும்.

இப்படிக்கு,
மேசை விளையாட்டு வாசகர்கள்