இரண்டு பேர் சேர்ந்து பிடித்த ரயில்

அன்புள்ள சேகர்,

நாலு மாதமாக உன் போனை எடுக்கவில்லை, திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் நலம். காதுதான் போய்விட்டது. முழுசாக இல்லை, ஆனால் கூட்டத்தில் யார் பேசினாலும் தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. கருவி மாட்டியாயிற்று. பத்மா சிரித்தால் சிரிக்கட்டும், அவள் சொன்னதுதான் கடைசியில் பலித்தது.

எழுத வந்தது வேறு. போன வாரம் ரயிலுக்கு நிற்கிறேன், பலகையில் மூன்றாவது பிளாட்பாரம் என்றுதான் இருக்கிறது, திடீரென்று எல்லோரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். பக்கத்தில் வெள்ளைக்கோலோடு நின்றவரிடம் என்ன ஆச்சு என்று இரண்டு தடவை கேட்டேன். "அஞ்சாவதுக்கு மாத்திட்டாங்க சார்!" என்று கத்தினார். அவருக்கு அறிவிப்பு கேட்டுவிட்டது, அங்கே போகிற படிக்கட்டுதான் எங்கே என்று தெரியவில்லை. நான் அவர் கையைப் பிடித்து இழுக்கப் போனேன். "இழுக்காதீங்க, உங்க முழங்கையை நான் பிடிச்சுக்கறேன், முன்னால போங்க" என்றார். ரயிலைப் பிடித்துவிட்டோம்.

வழியெல்லாம் அவர்தான் பேசினார், காதருகே. தரையில் பதிக்கிற மஞ்சள் கற்கள் வழுக்காமல் இருக்கத்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேனடா! பார்வையில்லாதவர்கள் காலாலும் கோலாலும் தடவி வழி தெரிந்துகொள்ளத்தானாம்: மேடான நீளக் கோடு என்றால் நட, புள்ளி என்றால் நில், முன்னால் ஏதோ இருக்கிறது. மியாகே என்ற ஜப்பானியர் 1965இல் கண்டுபிடித்து, 1967இல் ஒகயாமாவில் பார்வையற்றோர் பள்ளிக்குப் பக்கத்தில் முதன்முதலாகப் பதித்தார்களாம். நாம் இன்னமும் அதன்மேல் பெட்டியை வைத்துக்கொண்டு நிற்கிறோம். அன்றைக்கு என் பெட்டியும் அங்கேதான் இருந்தது.

பேருந்தில் அடுத்த நிறுத்தத்தைச் சொல்லும் குரலைத் தொல்லை என்று அணைத்துவிடுகிறார்களாம். இவர் திருப்பங்களை எண்ணிக்கொண்டே போய் இறங்குவார், ஒரு நாள் வழியை மாற்றிவிட்டால் கணக்கு போச்சு. பேட்டரி பேருந்து சத்தமே போடாததால் வருவதே தெரியாதாம். அப்புறம் என் கருவியில் 'டி' என்று ஒரு நிலை இருக்கிறது, டிக்கெட் கவுண்டரில் அதற்கான கம்பிவளையம் பதித்திருந்தால் உள்ளே பேசுகிறவர் குரல் இரைச்சல் குறைந்து நேராகக் காதுக்கு வரும். நான் போன கவுண்டர் எதிலும் அதைப் பார்க்கவில்லை.

மைக்கில் சொல்வதைப் பலகையிலும் போடு, பலகையில் போட்டதை மைக்கிலும் சொல். இவ்வளவுதான் கேட்கிறோம். பார், 'கேட்கிறோம்' என்று நானே எழுதிவிட்டேன்!

அடுத்த மாதம் வருகிறேன். பிளாட்பாரம் மாறினால் குறுஞ்செய்தி அனுப்பு, போன் செய்து கத்தாதே.

உன்,
ராஜு