மாநாட்டுக்கு முன்பா, பின்பா?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் 2024 ஜூலை 21 அன்று ஜனநாயகக் கட்சியின் ஜோ பைடன் அதிபர் தேர்தல் போட்டியிலிருந்து விலகியதை, கட்சி மேலிடம் சட்டென்று ஆளை மாற்றிவிட்டது என்றே இன்னமும் பலர் பேசுகிறார்கள். பைடன் அப்போது முறைப்படி வேட்பாளரே ஆகவில்லை. மாநில அளவிலான உட்கட்சித் தேர்தல்களில் கட்சி மாநாட்டுக்காக வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வாக்களிக்கும் பிரதிநிதிகளில் சுமார் 3,900 பேரை வென்றிருந்தார், அவ்வளவுதான். விலகச் சொல்லி நெருக்கலாம். பிடித்து இறக்குவது லேசல்ல. அவராக ஒதுங்கியதும், அவருக்கென உறுதியளித்திருந்த பிரதிநிதிகளின் கை அவிழ்ந்தது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் இணையவழி வாக்கெடுப்பில் கமலா ஹாரிஸ் தேர்வானார். சிகாகோ மாநாடு தொடங்கியதே ஆகஸ்ட் 19-இல்தான்.

சரி, மாநாடு முடிந்தபின் வேட்பாளர் இடம் காலியானால்? அப்போது முடிவு கட்சியின் தேசியக் குழு கையில். குடியரசுக் கட்சியில் அது 168 பேர். வேண்டுமானால் மாநாட்டையே மறுபடி கூட்டலாம். 1972-இல் ஜனநாயகக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளர் தாமஸ் ஈகிள்டன், மனச்சோர்வுக்கு மின்அதிர்ச்சி சிகிச்சை பெற்றது வெளியே வந்து விலகினார். சார்ஜென்ட் ஷ்ரைவரைத் தேர்ந்தெடுத்தது அக்கட்சியின் தேசியக் குழுதான். (அப்புறம் அந்த அணி படுதோல்வி அடைந்தது தனிக்கதை.)

உண்மையான தலைவலி வாக்குச்சீட்டில் இருக்கிறது. அச்சடிக்கும் கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வெளிநாட்டிலுள்ள ராணுவத்தினருக்குத் தேர்தலுக்கு 45 நாள் முன்பே சீட்டு அனுப்பியாக வேண்டும். அக்டோபரில் ஆள் மாறினால், பழைய பெயருக்கு விழுந்த வாக்கு யாருக்கு என்று நீதிமன்றப் படியேறாமல் தீராது.

– வாசகர், திருநெல்வேலி